சபையில் பெண்களின் இடம்: வேதப் பகுதிகளை வாசிக்கும் முறை

சபையில் பெண்கள் போதிக்கலாமா என்று ஆராய்கிறவர்கள், தனி வசனம் ஒன்றிலிருந்து தொடங்காமல், வேதாகமத்தின் ஒரு நிருபத்தை (கடிதத்தை) முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து வாசிக்க வேண்டும். அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் அதற்கு மிகவும் ஏற்றது. அதன் 14-ஆம் அதிகாரம் பெண்கள் சபையில் பேசாமலிருக்கச் சொல்கிறது. ஆனால் 11:5-இல் பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் பவுல் தடுக்காமல், அப்போது தலையை மூடிக்கொள்வதைப் பற்றியே பேசுகிறார். இவ்விரண்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதிக்கொண்டு, 14-ஆம் அதிகாரத்தில் வேறு யாரெல்லாம் பேசாமலிருக்கச் சொல்லப்படுகிறார்கள் என்று தேடுங்கள். அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாதபோது அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் மற்றவர்களுக்குப் புரியாத மொழி) பேசுகிறவனும், மற்றொருவனுக்கு வெளிப்பாடு கிடைக்கும்போது பேசிக்கொண்டிருப்பவனும் அங்கே இருப்பார்கள். அந்தக் கட்டளை ஆராதனை ஒழுங்கைப் பற்றியதா, என்றைக்குமான தடையா என்ற விவாதம் இங்கேதான் பிறக்கிறது.

அடுத்து, கட்டளைகளோடு மனிதர்களையும் பாருங்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள் (ரோமர் 16:1), கணவர் ஆக்கில்லாவோடு சேர்ந்து போதகர் அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கிய பிரிஸ்கில்லாள் (அப்போஸ்தலர் 18:26) ஆகியோரை விட்டுவிட்டு பெண் உபதேசிக்க அனுமதி மறுக்கும் 1 தீமோத்தேயு 2:12-ஐ மட்டும் வாசிப்பது அரைகுறை வாசிப்பே. கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்னும் கலாத்தியர் 3:28-ஐ மட்டும் காட்டி வாதத்தை முடிப்பதும், என் பார்வையில், அதே அவசரம்தான்.

பிறகு திருச்சபைகளின் நிலைப்பாடுகளை ஒப்பிடுங்கள். 1994-இல் இங்கிலாந்துத் திருச்சபை பெண்களை முதன்முறையாகக் குருக்களாக அபிஷேகம் செய்தது. அதே ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கத்தோலிக்கத் திருச்சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அறிவித்தார். கத்தோலிக்க வாதம், இயேசு பன்னிரு ஆண்களைத் தெரிந்தெடுத்ததையும் இடைவிடாத மரபையும் சார்ந்திருப்பதால், அதை நிருப வசனங்களைக் கொண்டு மட்டும் எடைபோட முடியாது.