பேரப்பிள்ளை திறக்கும்போது திறக்குமா? டைரி செயலி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டைரி செயலியைச் சோதித்துப் பார்ப்பதற்காக எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தன் அக்கா வீட்டைவிட்டுப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். திரையில் முதலில் வந்து நின்றது தேதிப் பெட்டி. தேதி போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். நாட்காட்டி இந்த மாதத்தில் திறந்தது. அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் ஒரு மாதம் பின்னால் போகும். அவர் சொல்ல வந்ததோ அறுபது வருடத்துக்கு முந்தைய கதை. கணக்குப் போட்டால் 720 தட்டு. முப்பதைத் தாண்டுவதற்குள் கை ஓய்ந்துபோய், "நீயே ஏதாவது போட்டுக்கோப்பா" என்றார். நானும் குத்துமதிப்பாக ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து, ஜனவரி 1 என்று போட்டுவிட்டேன்.

இப்போது அந்தப் பொய்த் தேதி வரலாறு ஆகிவிட்டது. நாற்பது வருடம் கழித்து அதைப் படிக்கிற பிள்ளை, "புத்தாண்டு அன்றைக்கே கிளம்பியிருக்கிறாரே, பெரிய சண்டையோ?" என்று யோசிக்கும். கேட்டுத் தெளிவதற்குப் பாட்டி இருக்க மாட்டார்.

டைரி செயலிகள் பெரும்பாலும் இன்றைய நாளை இன்றே எழுதுகிறவருக்காகக் கட்டப்பட்டவை. தலைமுறை தாண்டிப் போகவேண்டிய கதைக்கு இன்னொரு ஆள் உண்டு: இன்னும் பிறக்காத, போன் போட்டுச் சந்தேகம் கேட்க முடியாத வாசகர். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி அவரை மறந்ததால் வந்தவை.

தேதியைக் கட்டாயமாக்குவது

நினைவு நாட்காட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. "மழை விட்டு ஒரு வாரம் இருக்கும்", "எனக்குப் பத்து பன்னிரண்டு வயசு", "தம்பி பிறக்கிறதுக்கு முன்னாடி" என்றுதான் வரும். இதை அப்படியே வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும். அதன் பக்கத்தில், வரிசைப்படுத்துவதற்காகத் தோராயமான காலம் ஒன்றைத் தனியாகச் சேமிக்கலாம். இதற்கு வழிமுறை ஏற்கெனவே இருக்கிறது. தேதி எழுதும் முறைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601இன் 2019இல் வந்த இரண்டாம் பகுதியில், 1965க்குப் பின்னால் ~ என்ற அலைக்குறி போட்டால் "சுமார் 1965" என்று பொருள். கேள்விக்குறி போட்டால் "1965 என்று நினைக்கிறோம், உறுதியில்லை". கடைசி இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் போட்டால் "அறுபதுகளில் ஏதோ ஒரு வருடம்". டேட்டாபேஸில் தேதிக்கான கட்டத்தை உருவாக்கும் முதல் நாளே இதை யோசித்துவிட வேண்டும். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அதோடு, ஒரு கதைக்கு ஒரு தேதி போதாது. நடந்தது எப்போது, சொன்னது எப்போது, பதிவேற்றியது எப்போது என்று மூன்று உண்டு. பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்து போட்டால் பல செயலிகள் கோப்பு உருவான தேதியை எடுத்துக்கொள்ளும். அப்புறம் தாத்தாவின் கல்யாணம் போன செவ்வாய்க்கிழமை நடந்ததாகக் காலவரிசையில் வந்து நிற்கும்.

"அண்ணன்" என்றால் யார் அண்ணன்?

தமிழில் எழுதுகிறவர்களுக்காகச் செயலி கட்டுகிறவர் இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் டைரிகளில் பெயர் அதிகம் வராது, முறைதான் வரும். "அண்ணன் ஊரிலிருந்து வந்தார். சித்தி அழுதாள்." எழுதுகிறவருக்கு அதில் குழப்பமே இல்லை. அவருடைய பேத்திக்கோ அந்த அண்ணன் பெரிய தாத்தா. அது மூத்த அண்ணனா, நடு அண்ணனா, பெரியப்பா மகனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எழுதும்போதே முழுப்பெயர் கேட்டு நச்சரித்தால் ஓட்டம் கெட்டுவிடும். எழுதி முடித்த பிறகு, "இங்கே அண்ணன் என்று சொன்னது யாரை?" என்று ஒருமுறை கேட்டு, அந்தச் சொல்லை ஓர் ஆளோடு இணைத்து வைத்தால் போதும். எழுத்தில் கை வைக்கக் கூடாது. படிக்கிறவர் அந்தச் சொல்லில் விரலை வைத்தால், அந்த ஆள் தனக்கு என்ன முறை என்று காட்டலாம். புகைப்படத்துக்கும் இதே கதை: "நாங்கள் எல்லோரும்" என்று தலைப்பிட்ட படத்தைவிட ஊமையான படம் வேறில்லை.

பூட்டு இங்கே, சாவி எங்கே?

சாமுவேல் பெப்பீஸ் என்ற ஆங்கிலேயர் 1660 முதல் 1669 வரை எழுதிய டைரி, தாமஸ் ஷெல்டன் வகுத்த சுருக்கெழுத்து முறையில் இருந்தது. 1819இல் ஜான் ஸ்மித் என்ற மாணவர் அதைப் பெயர்த்தெழுத உட்கார்ந்து, மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் கையேடு பெப்பீஸின் அதே நூலகத்தில் இருந்தது. ஸ்மித்துக்கு அது தெரியாது.

காகிதத்துக்கே இந்தக் கதி. டிஜிட்டல் கோப்புக்கு இது பல மடங்கு. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பின் 900ஆம் ஆண்டையொட்டி, பிபிசி 1986இல் பொதுமக்களின் எழுத்தையும் படங்களையும் திரட்டி லேசர் வட்டில் பதிந்தது. பதினைந்து வருடம் கழித்து அந்த வட்டைப் படிக்கும் இயந்திரம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் எழுதித்தான் மீட்க வேண்டியிருந்தது. 1086இன் தோல் ஏடுகளை இன்றும் படிக்க முடிகிறது.

தமிழர்களான நமக்கு இதற்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறை பரவலாவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை இன்று திறந்து பாருங்கள். அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கில விசைகளாக நிற்கும். எந்த எழுத்துரு என்று ஊகிக்கத் தெரிந்தவர் மாற்றிக்கொள்வார். தெரியாதவர் ஏதோ கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடுவார்.

ஆகவே, உள்ளே எந்த ஃபார்மட்டில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே கொடுப்பது எளியதாக இருக்கட்டும். எழுத்துக்கு யூடிஎஃப்-8இல் (யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறை) சாதாரண உரை அல்லது இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல், படத்துக்கு ஜேபெக், ஒலிக்கு வேவ் அல்லது ஃப்ளாக். "எங்களிடம் எக்ஸ்போர்ட் வசதி உண்டு" என்று சொல்லும் பல செயலிகள் கொடுப்பது ஒற்றை ஜேசன் கோப்பு, அதாவது மென்பொருள் படிப்பதற்கான வடிவம். படங்கள் அந்த நிறுவனத்தின் சர்வருக்கான இணைப்புகளாக மட்டும் இருக்கும். சர்வர் நின்ற அன்றைக்குப் படமும் போயிற்று. சர்வர் நிற்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது: சொந்த இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இல். இன்னொரு சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை. ஆனாலும் சர்வர் மாற்றத்தில் பன்னிரண்டு ஆண்டுப் பாடல்கள் தொலைந்தன என்று 2019இல் தெரியவந்தது.

குரலை எழுத்தாக்கிவிட்டுக் குரலை அழிப்பது

இடம் மிச்சம் என்று சொல்வார்கள். ஒலிக் காப்பகங்கள் பரிந்துரைக்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒற்றைத்தட ஒலி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. ஃப்ளாக்கில் சுருக்கினால் ஒரு துளியும் இழக்காமல் ஏறக்குறையப் பாதியாகும். இன்றைய சேமிப்பு விலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளோ வட்டார வழக்கில் தடுமாறும். அது பிழையாக எழுதியதைச் சரிபார்க்க மூல ஒலி ஒன்றுதான் வழி.

இதைவிட மோசம், செயற்கை நுண்ணறிவை விட்டு "அழகாக்குவது". ஒருவர், "அப்போ நான் என்னத்தக் கண்டேன், சின்னப்புள்ள" என்று சொன்னதை ஒரு செயலி, "அச்சமயம் சிறு வயதினளாக இருந்தமையால் நிலைமையை நான் உணரவில்லை" என்று திருத்தி வைத்திருந்தது. தகவல் தொலையவில்லை. ஆள்தான் தொலைந்துபோனார். சுருக்கமும் திருத்தமும் வேண்டுமென்றால் தனி அடுக்காக வைக்கலாம், மூலத்தின் மேல் எழுதக் கூடாது. கேள்வி கேட்டவரின் குரலையும் வெட்டாதீர்கள். அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற வாய்மொழிக் கதைப் பதிவுத் திட்டம், நெருக்கமான இருவரை எதிரெதிரே உட்காரவைத்து சுமார் நாற்பது நிமிடம் பேசச் சொல்கிறது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் சொல்பவர் வாய் திறக்கிறார்.

கேள்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று செயலி கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்று பதில் வரும். "சின்ன வயதில் தூங்கி எழுந்து கண் விழித்ததும் முதலில் எது கண்ணில் படும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரமானாலும் பேச்சு நிற்காது.

தொடர்ந்து இத்தனை நாள் எழுதினீர்கள் என்று எண்ணிக்கை காட்டி, ஒருநாள் விட்டால் பூஜ்யமாக்கும் அம்சத்தை எடுத்துவிடுங்கள். மனைவி இறந்த வாரத்தில் "உங்கள் தொடர் அறுந்துவிட்டது" என்று நோட்டிஃபிகேஷன் போகும். அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எழுதியவர் போன மறுமாதம்

ஒருவர் இறந்ததும் முதலில் நிற்பது அவருடைய கார்டு. சந்தா தவறும், கணக்கு முடங்கும். குடும்பம் அவர் குரலைத் தேடுகிற அதே மாதத்தில் கதவு சாத்திக்கொள்ளும். பணம் நின்றால் புதிதாக எழுதுவதை நிறுத்துங்கள். படிப்பதையும் தரவிறக்குவதையும் நிறுத்தாதீர்கள். இலவசக் கணக்கானாலும் நிம்மதி இல்லை. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. இறந்தவரின் போன் அலமாரியில் கிடக்க, இரண்டு வருடம் ஓடுவது தெரியவே தெரியாது.

கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி பெரிய நிறுவனங்களில் உண்டு. கூகுளில் 2013 முதல், ஃபேஸ்புக்கில் 2015 முதல், ஆப்பிளில் 2021 முதல் இருக்கிறது. ஆனால் செட்டிங்ஸின் ஆழத்தில் புதைந்துகிடப்பதை யார் தோண்டுவார்? டைரி செயலியில் அது முதல் வாரத்திலேயே கேட்கப்பட வேண்டிய கேள்வி. உள்ளடக்கத்தை முழுக்கக் குறியாக்கம் செய்து பாஸ்வேர்டு எழுதியவரிடம் மட்டும் இருந்தால், நீங்கள் கட்டியது கல்லறை. குறியாக்க வல்லுநர் ஆதி ஷமீர் 1979இல் ஒரு வழி சொன்னார்: சாவியை ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுக்கலாம், எந்த மூவர் கூடினாலும் திறக்கும், இருவரால் முடியாது. குடும்பத்துக்குப் பொருத்தமான கணக்கு.

எல்லாவற்றையும் திறந்துவிடுவதும் தவறுதான். "இது இப்போதே எல்லோருக்கும்", "இது என் காலத்துக்குப் பிறகு", "இது யாருக்கும் வேண்டாம்" என்று பதிவுக்குப் பதிவு சொல்ல இடம் வேண்டும். கடைசியைத் தேர்ந்தெடுத்தால் பேக்கப்பிலிருந்தும் உண்மையாகவே அழிய வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர் உண்மையை எழுத மாட்டார். ஒரே சண்டையை அண்ணன் ஒரு மாதிரியும் தங்கை ஒரு மாதிரியும் சொன்னால் இரண்டையும் அருகருகே வையுங்கள். இணைத்து ஒன்றாக்க முயன்றால் இரண்டாவது சண்டை வரும்.

சோதனை

இணையத்தைத் துண்டித்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டு, செயலியைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். நான் அக்கா மகனிடம் கொடுத்தேன், பதினான்கு வயது. உள்ளே நானூற்றுச் சொச்சம் ஒலிக்கோப்புகள். எல்லாவற்றுக்கும் பெயர், கணினி தானாக வைத்த முப்பத்தாறு எழுத்து நீள எண்ணெழுத்துக் குவியல். முதல் கோப்பைத் தட்டினான், யாரோ இருமினார்கள், மூடிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த முறை "முதலில் இதைப் படி" என்று ஒரு பக்கம் சேர்த்தோம். கோப்புப் பெயர்களை மாற்றினோம். தேதிப் பெட்டியையும் திருத்தி, நான் போட்ட ஜனவரி 1ஐ எடுத்துவிட்டோம். இந்தத் தடவை அவன் திறந்த இரண்டாவது கோப்பின் பெயர்: "சுமார் 1965, அக்கா வீட்டைவிட்டுப் போனது, பாட்டி குரல்". பதினோரு நிமிடம் அசையாமல் கேட்டான்.

"சுமார்னா? சரியா எப்போ மாமா?"

"அது பாட்டிக்கே தெரியாதுடா."