கல்லூரி டேட்டா கிளப்பில் சேருவது எப்படி?

காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்திலோ, பக்கத்திலேயே பிள்ளைச்சாவடியில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ இந்த வருஷம் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் செமஸ்டரிலேயே ஒரு டெக் கிளப்பிலோ, தரவுகளை அலசிப் பழகும் டேட்டா கிளப்பிலோ சேர்ந்துவிடுங்கள், பிளேஸ்மென்ட் நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

போஸ்டரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சீனியர்களிடம் போய், போன மாதம் கிளப்பில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் அங்கே சேரலாம். அப்புறம், வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, முதல் கூட்டத்துக்கு நேரில் போக வேண்டும்.

கோடிங் தெரியாதே என்ற பயம் வேண்டாம், பொருளியல், வணிகவியல் படிப்பவர்களும் தாராளமாக வரலாம். ஆனால் நேர்காணல் வைத்தால் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். காகிள் (Kaggle) என்ற தரவுத் தளத்தில், மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயணிகள் பற்றிய டேட்டா இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பயிற்சிக் கோப்பில் (train.csv) 891 பயணிகள், வயதுப் பத்தியில் 177 இடங்கள் காலி. அந்தக் காலி வரிகளை நீக்கினீர்களா, சராசரி வயதைப் போட்டு நிரப்பினீர்களா, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று தெளிவாகச் சொன்னாலே கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உள்ளூர் விஷயம் என்றால் இன்னும் நல்லது: ஈசிஆரில் காலாப்பட்டு வழியாகப் போகும் பஸ்கள் உங்கள் நிறுத்தத்துக்கு வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்து, எக்செலில் போட்டுப் பாருங்கள்.

கிளப்பே இல்லையா? சரி, நான்கு பேர் சேர்ந்து ஒரு பேராசிரியரிடம் பேசி, வாரம் ஒரு மாலை லேபைக் கேட்டு வாங்குங்கள்.