எயார்பேக் விளக்கு: பழைய காரில் கை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, விற்றுவிட நினைத்திருந்த பழைய ஜப்பானியக் கார்களையே திருகோணமலையில் பலரும் திருத்தி ஓடத் தொடங்கினார்கள். டாஷ்போர்டில் எரியும் எயார்பேக் (விபத்தின்போது விரியும் காற்றுப்பை) எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று என் கராஜுக்கு வருகிறவர்கள் அன்றிலிருந்து கூடிவிட்டார்கள். அதைத் திருத்த முயலும் இளைஞர்களும் கூடிவிட்டார்கள். போன வாரம், என்னிடம் தொழில் பழகும் தம்பி ஒருவர் ஸ்ரியரிங் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சக்கரத்திலுள்ள எயார்பேக்கையும் ஹோர்னையும் காரின் வயரிங்கோடு இணைக்கும் சுருள் கேபிளை விரலால் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு பதறியது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் அதுவேதான். பியூஸைப் பார், பற்றரியைக் கழற்று என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோட் வாசிக்காமல் உதிரிப்பாகம் வாங்குவது

கோட் என்பது காரின் கணினி பதிந்து வைக்கும் பழுது எண். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் கோட்டை மட்டுமே வாசிக்கும். அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் எயார்பேக் பகுதி சரியாக இருக்கிறது என்று பொருளாகாது. பல பழைய டொயோட்டாக்களில், ஸ்கேனர் பூட்டும் சொக்கெட்டின் 4ஆம், 13ஆம் முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கே சிமிட்டிச் சொல்லும். 14 என்று சிமிட்டினால் சாரதிப் பக்க எயார்பேக்கின் மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. கோட் எதுவும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால் முதலில் பற்றரியின் வோல்ற்றேஜைப் பாருங்கள்.

பற்றரியைக் கழற்றிய உடனே கை வைப்பது

டொயோட்டாவில் 90 விநாடி, ஹொண்டாவில் 3 நிமிடம். காத்திருங்கள்.

சுருள் கேபிளை நடுப்படுத்தாமல் பூட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில், கிண்ணியா ஆசிரியர் ஒருவர் தன் கொரோலா 110ஐ மிதவைப் பாதையில் ஏற்றி என்னிடம் கொண்டு வந்தார். விளக்கு எரிந்தது, ஹோர்ன் அடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் சுருள் கேபிள் அறுந்திருக்கும் என்று நான் கணித்தது சரி. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஒன்றை எடுப்பித்தேன். அது வழுவழுப்பாகச் சுழல்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே பூட்டினேன். விளக்கு அணைந்தது. காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் ஆசிரியர் திரும்பி வந்தார். மறுபடியும் ஹோர்ன் இல்லை. நான் பொருளைக் குறை சொன்னேன், கடைக்காரரோடு தொலைபேசியில் சண்டை பிடித்தேன், இன்னொன்றை எடுப்பித்து அதையும் அதே விதமாகப் பூட்டினேன். அதுவும் அறுந்தது. பிறகுதான் மூத்த மின் வேலைக்காரர் ஒருவர் கேட்டார்: "நடுவைப் பார்த்தாயா, தம்பி?" இரண்டு கேபிளின் விலையும் என் பணம். ஆசிரியர் மூன்று முறை பாதைக்குக் காத்து நின்றதை எந்தப் பணத்தாலும் ஈடுசெய்ய முடியவில்லை.

அந்தப் பெட்டிக்குள் தட்டையான நாடா ஒன்று மணிக்கூட்டு வில்லைப் போலச் சுருண்டிருக்கிறது. அது மொத்தம் ஐந்து சுற்று அளவுக்கு இடம் கொடுக்கும். நடுவிலிருந்து இரு பக்கமும் இரண்டரை. ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடிக்க ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் வேண்டும். ஆகவே பூட்டும்போது ஒரு சுற்றுத் தவறினாலே நாடா எட்டாது. உட்துறைமுக வீதியில் நேராக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஒடுங்கிய ஒழுங்கைக்குள் முழுதாக ஒடித்துத் திருப்பும் அன்று அறுந்துவிடும். அதனால்தான் திருத்தியவர் தன் தவறைக் காண்பதில்லை.

முன் சக்கரங்களை நேராக வைத்த பின்பே ஸ்ரியரிங்கைக் கழற்றுங்கள். டொயோட்டா என்றால் கேபிளை இடப்புறமாக, இறுகும் வரை மெதுவாகச் சுழற்றி, பிறகு வலப்புறமாக இரண்டரைச் சுற்று வந்து குறிகளைப் பொருத்துங்கள். ஹொண்டாவில் திசை மாறும்: முதலில் வலப்புறம், பிறகு இடப்புறம் இரண்டரை, அம்புக்குறி மேலே நோக்க வேண்டும். புதிய கேபிளின் பூட்டு ஊசியைப் பொருத்தி முடிக்கும் முன் பிடுங்காதீர்கள்.

அடிப்பகுதி வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரியரிங் தண்டைக் கீழே கழற்றிவிட்டால் மேலே சக்கரம் தடையின்றிச் சுழலும். ஏறி இறங்கும் யாராவது அதைப் பிடித்துத் திருப்பினால் போதும், கேபிளின் நடு போய்விடும். சீற் பெல்ற்றை சக்கரத்துக்குள்ளால் விட்டுப் பூட்டி வையுங்கள்.

எயார்பேக் முனையில் சோதனை விளக்கு வைப்பது

வேண்டாம். அதை வெடிக்கச் செய்ய ஓர் அம்பியர் அளவு மின்னோட்டம் கண்சிமிட்டும் நேரம்கூடப் பாயத் தேவையில்லை. மல்டிமீற்றரும் வேண்டாம். பற்றரியைக் கழற்றிக் காத்திருந்து, எயார்பேக்குக்குப் பதிலாக 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைப்பில் பூட்டி, கோட்டை அழித்துவிட்டுப் பாருங்கள். கோட் திரும்பவில்லை என்றால் பழுது எயார்பேக்கில். திரும்பினால் கேபிளில் அல்லது வயரிங்கில்.

சீற்றுக்குக் கீழே பார்க்காமல் எயார்பேக்கைக் கட்டுப்படுத்தும் மொடியூலைச் சந்தேகிப்பது

நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. மார்கழி மழையில் காப்பெட் நனைந்தால் வாரக்கணக்கில் காய்வதில்லை. அந்த ஈரத்துக்கு மேலேதான் எயார்பேக் வயர்களின் மஞ்சள் நிற இணைப்புகள் இருக்கின்றன. சீற்றை முன்னும் பின்னும் தள்ள அவை தளரும், கரலும் பிடிக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்து வரும் கார்களில் நான் முதலில் குனிந்து பார்க்கும் இடம் அதுதான். வயரை வெட்டி முறுக்கி ஒட்டாதீர்கள். அந்த இணைப்பைக் கழற்றும்போது இரு முனைகளையும் சேர்த்துப் பாதுகாக்கும் உலோகத் தகடு உள்ளேயே இருக்கிறது. வெட்டினால் அதையும் இழக்கிறீர்கள்.

பல்பைக் கழற்றிவிடுவது

பழைய கார் வாங்குகிறவர்களே, சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்கப் பல்பைக் கழற்றியிருக்கலாம், வாங்காதீர்கள்.

விளக்கு அணைந்தால் எயார்பேக் நல்லது என்று நம்புவது

ஜப்பானின் தகாதா (Takata) நிறுவனத்தின் எயார்பேக்குகளில் பையை ஊதுவதற்காக இருந்த அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டுப்போகும். பிறகு விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளை முகத்தை நோக்கி எறியும். ஹொண்டா, டொயோட்டா, நிசான் எனப் பல நிறுவனங்களின் கார்கள் இதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டன. இந்தக் குறையை எந்த விளக்கும் காட்டாது. மின்சுற்று சரியாக இருப்பதால் மொடியூலுக்கு ஒன்றும் தெரியாது. திருகோணமலை வெயிலில் நிற்கும் பழைய கார் என்றால், விளக்கைத் திருத்தும் அதே நாளில் செஸி இலக்கத்தை அந்தக் காரின் முகவரிடம் கொடுத்து விசாரியுங்கள். மாற்ற வேண்டியது மாற்றப்படாமல் இருந்தால், மாற்றும்வரை யாரையும் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள்.