ஸ்பிட்ஃபயர் மாடலைக் கட்டி, அதைப் பார்த்து ஓவியம் தீட்டுவது எப்படி?

1964 முதல் 1974 வரை ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கிட்டுகளுக்கு (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் துண்டுகள்) பெட்டிப் படங்களைத் தீட்டிய ராய் கிராஸ் (1924–2024), இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃபேரி விமானத் தொழிற்சாலையில் தொழில்நுட்ப வரைஞராக வேலை பார்த்தவர். எந்தத் தகடு எங்கே முடிகிறது என்று தெரிந்தவரின் கை என்பது அவர் படங்களைப் பார்த்தாலே புரியும். தொழிற்சாலைக்குள் நுழைய வழியில்லாத நமக்கு அந்தப் பாடத்தை ஓரளவு கற்றுத் தருவது ஒரு 1/72 கிட், அதாவது அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு. இங்கே எடுத்துக்கொள்வது 1940 கோடைக்கால ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற பிரிட்டிஷ் போர் விமானம். அதன் நீள்வட்ட இறக்கையைச் சாய்கோணத்தில் மனத்திலிருந்து வரைந்தால் வாழையிலை மாதிரி வளைந்து நிற்கும். மாடலைப் பார்த்து வரைந்தால் அந்தத் தவறு வராது.

முதலில் அளவு. அசல் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 156 மி.மீ., 127 மி.மீ. பசை தொடுவதற்கு முன்பே துண்டுகளைப் பொருத்திப் பிடித்து அளந்துவிடுங்கள்.

பசை என்றால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மெல்லிய திரவப் பசை. இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், பசை தானே உள்ளே ஓடும். விரல் இருக்கும் இடத்தில் ஓடினால் விரல்ரேகை பிளாஸ்டிக்கில் பதியும். ஒட்டியபின் 24 மணி நேரம் தொடாதீர்கள். இளகி இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் அன்றைக்கு வழுவழுப்பாகத் தெரியும். இரண்டு வாரம் கழித்து இணைப்பு உள்வாங்கி, பெயிண்டுக்கு அடியில் கோடாக எட்டிப் பார்க்கும். 400, 600, 1000 என்று தாளின் எண்ணைக் கூட்டிக்கொண்டே தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

பலரும் சறுக்குவது இறக்கை உடற்பகுதியோடு சேரும் அடியில். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த அளவில் அடியிலிருந்து நுனிக்குள் 7 மி.மீ. உயரம். மேல் இறக்கைக்கும் உடற்பகுதிக்கும் இடைவெளி விழுந்தால் புட்டியால் (இடைவெளி நிரப்பும் பசைமாவு) அடைக்க அவசரப்பட வேண்டாம். கிட்டின் சட்டத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி, உடற்பகுதிக்குள் குறுக்கே திணித்து ஒட்டினால் பக்கங்கள் விரிந்து இடைவெளி மூடிவிடும். அட்டையில் 6 பாகைக் கோணம் வெட்டி, அதன்மேல் இறக்கையைச் சாய்த்துக் காயவிடுங்கள்.

பறக்கும் படம் என்பதால் முன்சக்கரங்கள் மடங்கியிருக்க வேண்டும். வால்சக்கரம் இந்த மாடலில் மடங்காது, அதைப் பொருத்தியே ஆக வேண்டும். விமானி இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்றும் பாருங்கள்! அடிப்பக்கம் இரண்டும் ஒன்றுபோல் இராது: வலது இறக்கையின் கீழ் அகலமான ரேடியேட்டர், இடது இறக்கையின் கீழ் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான். விமானத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒட்டும்போது இரண்டும் இடம் மாறிவிடும்.

சாம்பல் ப்ரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்ததும் நிறுத்துங்கள். உருமறைப்பு வண்ணத்தின் வேலையே வடிவத்தைக் குழப்புவது. பழுப்பும் பச்சையும் ஏறிவிட்டால் நிழல் எங்கே, வண்ணம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் முதல் வரிசைப் புகைப்படங்களைச் சாம்பல் நிறத்திலேயே எடுங்கள். வண்ணம் அடித்தபின் அதே கோணத்தில் இரண்டாவது வரிசை. ஒளிக்கு முதலாவது, நிறத்துக்கு இரண்டாவது.

கேமராவின் தூரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். 30 மீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தைக் காட்ட வேண்டுமென்றால் 30,000 மி.மீ.யை 72-ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 42 செ.மீ. செல்போனை 15 செ.மீ.க்குக் கொண்டுபோனால் மூக்கு பூசணிக்காய் ஆகும், வால் சுண்டிப்போகும். தூரத்தில் நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். விளக்கு ஒன்றே ஒன்று, குறைந்தது 2 மீட்டர் தள்ளி. கிட்டத்தில் வைத்தால் நிழல்கள் விசிறிபோல் விரிந்து மேசைவிளக்கைக் காட்டிக்கொடுக்கும். மேகத்துக்கு மேலே பறப்பதாக இருந்தால் அடியில் வெள்ளைத் தாள், கடல் என்றால் கருநீலத் துணி.

வண்ணத்தில் தேதி முக்கியம். மேற்புறம் பழுப்பும் கரும்பச்சையும். அடிப்புறம் 1940 ஜூன் முதல் ‘ஸ்கை’ என்ற வெளிறிய பச்சை; அதற்கு முன் இடது இறக்கை கறுப்பு, வலது வெள்ளை. இறக்கைக்கு நான்காக உள்ள எட்டுத் துப்பாக்கித் துளைகளின் மேலும் சிவப்புத் துணி ஒட்டியிருக்கும். சுட்டு முடித்த விமானத்தை வரைந்தால் அந்தத் துணி கிழிந்து, இறக்கையின் அடியில் கரி வழிந்திருக்க வேண்டும். புகையும் வேண்டும், துணியும் வேண்டும் என்றால் நடக்காது.

ஓவியத்துக்கு 300 ஜி.எஸ்.எம். வழுவழுப்பான தாள், கவுச் (அடியை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்). பதம் கெட்டி மோர். கவுச்சில் வெளிர் நிறங்கள் காய்ந்தால் சற்றுக் கறுக்கும், அடர் நிறங்கள் வெளிறும். அதனால் ஒவ்வொரு கலவையையும் துண்டுத்தாளில் தடவிக் காயவிட்டுப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள். மேல்பூச்சை ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து சேறாகும். வானம் முதலில், தூர விமானங்கள் வான நிறம் கலந்து அடுத்து, முன்விமானம் கடைசியில்.

மாடலில் தகட்டுக் கோடுகள் பள்ளமாக இருக்கும். அசல் அளவுக்குப் பெருக்கினால் விரல் நுழையும். அவற்றை அப்படியே படியெடுக்காதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் உரசும் இடத்தில் மட்டும், பக்கத்து நிறத்தைவிட ஒரு படி கறுத்த கோடு போதும்.

புரொப்பெல்லரை மாடலைப் பார்த்து வரையவே கூடாது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, பல்சக்கர விகிதம் 0.477 என்பதால் புரொப்பெல்லர் ஏறத்தாழ 1,430 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 24. கண்ணுக்குத் தகடு தெரியாது, வட்டமே தெரியும். பின்னால் உள்ள வானமும் மூக்கும் முழுவதும் காய்ந்தபின், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் சாம்பலைத் தொட்டு வட்டமாக ஒரு தடவல். சூரியன் படும் பக்கம் விசிறி மாதிரி ஒரு வெளிர் பட்டை. தகடுகளின் நுனி மஞ்சள் என்பதால் விளிம்பில் மெல்லிய மஞ்சள் வளையம். தூரிகை ஈரமாக இருந்தால் வானம் கிளம்பி வந்துவிடும். வேறொரு தாளில் நாலைந்து முறை பழகிவிட்டு வாருங்கள்.