இழுப்பு அடங்கிய பின்னும் இன்ஹேலர்: பெரியவர்களின் ஆஸ்துமாவைக் கையாளும் முறை

நாற்பது வயதுவரை எந்த மூச்சுத் தொல்லையும் இல்லாதிருந்தவருக்கும் ஆஸ்துமா வரலாம். நெஞ்சில் விசில் போன்ற சத்தம் கேட்டால்தான் அது இழுப்பு என்று பலர் எண்ணுவதால், சத்தமின்றி வரும் வறட்டு இருமலை மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்தே கழித்துவிடுகிறார்கள். இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சிரைப்பு ஆகியவை வந்து வந்து போகின்றனவா, பின்னிரவிலும் விடியற்காலையிலும் கூடுகின்றனவா, சளி பிடித்தாலோ ஊதுபத்திப் புகை பட்டாலோ கிளம்புகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியானால் ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் நீங்களே முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, காலும் வீங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவை உறுதிசெய்ய ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை உதவும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து மறுபடி ஊதச் சொல்லும்போது, முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று.

மருந்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குவதே அடிப்படைக் கோளாறு. அதைச் சுற்றியுள்ள தசை இறுகுவது அதன் விளைவு. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்பியூட்டமால் இன்ஹேலர் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், ஆனால் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது புடிசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அதனால்தான் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை கூடாதென்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் சொல்லிவருகிறது. 'பழகினால் விடாது' என்ற அச்சத்தில், மூச்சு சீரானதும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்துவதே நான் மிகவும் வருந்தும் தவறு. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் பரவும் மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குப் போகிறது. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவாகவே இருக்கட்டும்.

அழுத்தி இழுக்கும் இன்ஹேலரை முதலில் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாயில் வைத்து மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுத்து, 10 நொடி மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்கள் இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்னும் குழாயைப் பொருத்திக்கொண்டால் மருந்து தொண்டையில் படிந்து வீணாகாது. பொடி கேப்ஸ்யூல் வகையில் மட்டும் வேகமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வரலாம்.

கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி, சிகரெட், போகியன்று எரிக்கும் டயர் ஆகியவற்றின் புகையிலிருந்து விலகியிருங்கள். சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தும்கூட இழுப்பைத் தூண்டும் என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இருமலால் இரவில் விழிப்பு வந்தாலோ நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். உடனே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், அரைமயக்கம், பலமாக இருந்த இழுப்புச் சத்தம் மூச்சுத் திணறல் குறையாமலேயே அடங்கிப்போதல் ஆகியவை உயிராபத்தின் அடையாளங்கள். அப்போது 108-ஐ அழைத்துவிட்டு, நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வோர் அழுத்தமாக, 30 முதல் 60 நொடி இடைவெளியில் 10 முறை வரை கொடுங்கள். வண்டி வருவதற்குள் மூச்சு சீராகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சால்பியூட்டமாலின் பலன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், வீக்கமோ அப்படியே இருக்கும்.