தோல் சீக்கிரம் முதிராமல் இருக்க: வெயிலில் இருந்து தொடங்குங்கள்

முதலில் ஒரு சின்னச் சோதனை. பகல் வெளிச்சத்தில் முன்கையை நீட்டி வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் கறுத்து, சொரசொரவென்று இருக்கும். உள்பக்கம் மிருதுவாக இருக்கும். இரண்டுக்கும் வயது ஒன்றுதான். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெயிலுடையது.

என் அப்பா பஸ் ஓட்டியவர். ஜன்னல் பக்கமாக இருந்த வலது கன்னமும் வலது முன்கையும் அவருக்கு முந்திக்கொண்டு சுருங்கிவிட்டன. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் படத்தை அமெரிக்க மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கியதும் இடது கன்னம்தான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'ஏ' வகை ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். தோலின் ஆழத்துக்குப் போய், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கும்.

படி 1: நிழலை அளந்து பாருங்கள்

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கதிர்கள் கடுமையாக இருக்கும். அந்த நேரத்து வேலைகளைக் காலைக்கோ மாலைக்கோ தள்ளுங்கள். முடியாதவர்களுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். காசு செலவில்லாத படி இது. இதை விட்டுவிட்டு கிரீம் தேடுவதில் பயனில்லை.

படி 2: சன்ஸ்கிரீன்

எஸ்.பி.எஃப். (வெயில் எரிப்பில் இருந்து காக்கும் அளவைச் சொல்லும் எண்) 30-க்குக் குறையாமல், பி.ஏ.+++ என்று அச்சிட்டதாக வாங்குங்கள். 'ஏ' கதிருக்கான குறி அந்த பி.ஏ.தான். பெரும்பாலோர் தவறுவது அளவில். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போல எடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். காது மடலையும் பின்கழுத்தையும் மறக்காதீர்கள். ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் புறங்கைக்குத் தனியாக எடுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோலில் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. கறுப்பாக இருப்பவர்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். தோலுக்குக் கருமை தரும் மெலனின் ஓரளவு காக்கும், உண்மைதான். ஆனால் நம் தோலில் சுருக்கத்துக்கு முன்பே மங்கு என்கிற கருந்திட்டும் கரும்புள்ளியும் வந்துவிடுகின்றன.

படி 3: பூசக் கூடாதது

மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'சிவப்பழகு' கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே நெடுநாள் பூசி வருபவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

படி 4: உள்ளிருந்து

புகைப்பிடிப்பவர்கள் முதலில் அதை விடுங்கள். அது தோலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, கொலாஜனையும் சிதைக்கிறது. சர்க்கரையைக் குறையுங்கள். கீரை, கொய்யா, நெல்லிக்காய் என்று நம் சந்தையில் கிடைப்பதே போதும். இரவில் ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

மச்சம் திடீரென்று பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.