பிக்அப் வண்டிக்குத் தனி கியர்பாக்ஸ் கூலர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் சிறு குத்தகை வேலை, பந்தல் போடுதல், விருந்துச் சமையல், தோட்டப் பராமரிப்பு எனத் தொழில் நடத்துபவர்களிடம் ஆட்டோ கியர் டீசல் பிக்அப் வண்டிகள் பெருகிவிட்டன. காலையில் ஜாலான் கூச்சிங் நெரிசலில் ஊர்ந்துவிட்டு, பிற்பகலில் பின்தட்டு நிறையச் சுமையோடு கெந்திங் மலை ஏறும் வண்டியின் கியர்பாக்ஸ் எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஒருநாள் மீட்டர் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது; பட்டறைக்குப் போனால், அந்த எண்ணெயைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கூலர் போட்டால் சரியாகிவிடும் என்ற பதில் கிடைக்கிறது. பல வண்டிகளுக்கு அந்தப் பதில் பொருந்தும். ஆனால் கூலர் பொருத்திய பிறகே கெட்டுப்போன கியர்பாக்ஸ்களும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், கூலரைக் குறை சொல்ல அநேகமாக ஒன்றும் இருக்காது. தேர்விலோ குழாய் இணைப்பிலோ எண்ணெய் அளவிலோ காட்டிய அவசரம்தான் காரணமாக இருக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் பாதித் தவறுகள் தாமாகவே நீங்கும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெயின் சுழற்சியைக் கொண்டே விசையைக் கடத்துகிறது. இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது வீணாகும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகத் தங்குகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கன்வெர்ட்டரின் இரு பக்கங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் சூடு குறைவு. நெரிசலிலும் ஏற்றத்திலும் பூட்டு விடுபடுவதால் சூடு மிகுதி. எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. 120 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் எண்ணெய் விரைவாகச் சிதையும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கத் தொடங்கும். இயல்பு நிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்தொழிலில் பழகிய கணக்கு.

ஆகவே முதல் தவறு, அளந்து பார்க்காமல் வாங்குவது. ஸ்டியரிங்கின் கீழுள்ள ஓபிடி துளையில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் இணைப்பில்) செருகும் சிறு ஸ்கேனரும் கைப்பேசியும் இருந்தால், பெரும்பாலான புதிய பிக்அப் வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பநிலையை ஓட்டத்திலேயே படிக்கலாம். வண்டியின் மாடலுக்கு உரிய அளவீட்டைச் செயலியில் சேர்க்க வேண்டியிருக்கலாம். வெறும் வண்டியாக நெரிசலில் ஒருமுறை, சுமையோடு நெடுஞ்சாலையில் ஒருமுறை, சுமையோடு மலை ஏற்றத்தில் ஒருமுறை என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முழுச் சுமையோடு கெந்திங் ஏறியும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது என்றால், கூலருக்குச் செலவிடும் பணத்தை எண்ணெய் மாற்றத்துக்குச் செலவிடுவது மேல். எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடிக்கிறது, கியர் மாறும்போது இன்ஜின் மட்டும் உறுமி வண்டி நகர மறுக்கிறது என்றால், கிளட்ச் தட்டுகள் ஏற்கனவே தேய்ந்துவிட்டன; கூலரால் அதைச் சரிசெய்ய முடியாது. இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: ரேடியேட்டரின் இதழ்களில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே சூடேறும். அதைக் கழுவினாலே சிக்கல் தீர்ந்துவிடும் வண்டிகள் உண்டு.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் அடுத்த குழப்பம் நேர்கிறது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டுதலில் பெரும்பகுதி அமெரிக்க வண்டிகளுக்கும் அந்நாட்டுக் குளிர்காலத்துக்கும் எழுதப்பட்டது. எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்ற அவர்களுடைய அச்சத்துக்கு, நிழலிலேயே 33 டிகிரி காயும் நம் ஊரில் இடமில்லை. அதற்காகக் கடையில் இருப்பதிலேயே பெரியதை வாங்குவதும் சரியல்ல. எத்தனை எடையுள்ள வண்டிக்குப் போதும் என்று பெட்டியில் அச்சிட்ட அளவு, கூலர் வழியாகத் தாராளமாகக் காற்று ஓடும் என்ற எண்ணத்தில் சொல்லப்படுவது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டிக்கு அது அப்படியே பொருந்தாது. முன்பக்க இடத்தை அளந்து, காற்று தடையின்றி நுழையவும் பின்னால் வெளியேறவும் இடம்விட்ட பிறகு எந்த அளவு அடங்குகிறதோ அதுவே சரியான அளவு. வளைந்த ஒற்றைக் குழாயில் இதழ் கோத்த வகை மலிவானது. ஒரே பரப்பில், தட்டுகளை அடுக்கிச் செய்த வகை அதைவிட நன்றாகக் குளிரூட்டும். சுமை ஏற்றும் வண்டிக்கு நான் தட்டடுக்கு வகையையே சொல்வேன். கூலரில் குழாய் இணையும் வாயின் விட்டம் வண்டியின் சொந்தக் குழாயை விடச் சிறியதாக இருக்கவே கூடாது. அங்கே ஓட்டம் குறைந்தால் கியர்பாக்ஸுக்குள் உயவும் குறையும்.

பழைய பொருள் கடைகளில் உதிரிபாகத்துக்காகப் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் ஜப்பானிய ஹாஃப்-கட் வண்டிகளிலிருந்து கழற்றிய கூலர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ரேடியேட்டரையோ விளக்கையோ அங்கே வாங்குவதில் தவறில்லை. கூலர் விஷயம் வேறு. அந்த வண்டியின் கியர்பாக்ஸ் எப்படி முடிந்தது என்பது யாருக்கும் தெரியாது. கிளட்ச் தூளும் உலோகத் துகளும் தட்டுகளின் இடுக்குகளில் தங்கியிருந்தால் எத்தனை முறை அலசினாலும் முழுவதும் வெளிவராது. சூடான புது எண்ணெய் ஓடத் தொடங்கியதும் அவை கிளம்பி, எண்ணெய் ஓட்டத்தைத் திருப்பிக் கியர் மாற்றும் வால்வு பாடிக்குள் நுழைகின்றன. இதே காரணத்தால், கியர்பாக்ஸை ஓவர்ஹால் செய்துவிட்டுப் பழைய கூலரை அப்படியே மாட்டுவதும் ஆபத்து. பெரிய தொகை கொடுத்து ஓவர்ஹால் செய்பவர்கள் கூலரில் மிச்சம் பிடிப்பது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

வண்டியோடு வந்த கூலர் பெரும்பாலும் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் மீதே நீரால் குளிரும் சிறு கட்டையாக இருக்கும். அதைத் துண்டித்துவிட்டுப் புதியதை மட்டும் வைக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. நெரிசலில் நிற்கும்போதும் ரேடியேட்டர் நீர் சுழன்றுகொண்டே இருப்பதால், நீர்க் கூலர் அந்நேரத்திலும் சூட்டை வாங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான எண்ணெய் முதலில் நீர்க் கூலருக்கும், அங்கிருந்து புதிதாக மாட்டும் காற்றுக் கூலருக்கும், பிறகு கியர்பாக்ஸுக்கும் செல்வதே பொருத்தமான வரிசை. வரிசை தலைகீழானால், காற்றில் குளிர்ந்து வந்த எண்ணெயை 90 டிகிரி நீர் மீண்டும் சூடாக்கி அனுப்பும். ரேடியேட்டர் பழையதாகி, உள்ளே ஓட்டை விழுந்து நீரும் எண்ணெயும் கலக்கும் நிலை வந்தால் மட்டுமே நீர்க் கூலரை ஒதுக்குவதில் நியாயம் உண்டு. எண்ணெய் ரோஸ் நிறத்தில் பால் கலந்ததுபோல் மாறுவது அதன் அடையாளம். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. எந்தக் குழாய் வெளியேற்றும் குழாய், எந்தக் குழாய் திரும்பும் குழாய் என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. குளிர்ந்த இன்ஜினை இயக்கித் தொட்டுப் பார்த்தால் வெளியேற்றும் குழாய் முதலில் சூடேறும்.

கூலரை மாட்டும் இடம் ஏர்கோன் கண்டென்சருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் என்பது பொதுவான வழக்கம். கண்டென்சரின் இதழ்களுக்குள் பிளாஸ்டிக் ஊசிகளைக் குத்தி இழுத்துக் கட்டும் முறையை, பெட்டியிலேயே அந்த ஊசிகள் வந்தாலும், கைவிட வேண்டும். ஓட்டத்தின் அதிர்வில் அவை அலுமினியக் குழாயை அரித்து, சில மாதங்களில் ஏர்கோன் வாயு வெளியேறிவிடும். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் போட்டு, கண்டென்சரோடு ஒட்டாமல் சிறு இடைவெளி விட வேண்டும். வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கலாம். கீழ்நோக்கி வைத்தால் காற்றுக் குமிழி உள்ளே தங்கிவிடும். முன்பக்கத்தில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இருக்கும் வண்டிகளில் இடம் போதாமல், பின்தட்டுக்கு அடியில் மின்விசிறியோடு கூலர் வைப்பவர்கள் உண்டு. செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஓடும் வண்டிக்குச் சேறும் கல்லும் அங்கேதான் அடிக்கும் என்பதால் கீழே ஒரு காப்புத் தகடு கட்டாயம். வெள்ள நீரில் இறங்கிய பிறகு விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

மிகுதியான சேதம் விளைவது குழாய்களில். கூலர் நல்ல பெயருடையதாக இருக்கும்; அதோடு சேர்க்கும் ஹோஸோ, பட்டறையின் மூலையில் கிடந்த பெட்ரோல் ஹோஸாகவோ நீர் ஹோஸாகவோ இருக்கும். புதிதில் அது கசியாது. சூடான கியர்பாக்ஸ் எண்ணெயில் ஊறிய ரப்பர் சில மாதங்களில் மிருதுவாகி உப்பும், பிறகு இறுகி வெடிக்கும். கியர்பாக்ஸ் எண்ணெய் கூலருக்கென்றே எஸ்ஏஇ ஜே1532 என்ற தரக் குறியீடு கொண்ட ஹோஸ் கிடைக்கிறது; குறியீடு ஹோஸின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்கலாம். இரும்புக் குழாயை வெட்ட ஆக்ஸா வாளைப் பயன்படுத்தினால் இரும்புத் தூள் உள்ளே விழும். சக்கரம் வைத்த குழாய் வெட்டியால் வெட்டி, உள்விளிம்பைச் சீவி, துடைத்த பிறகே ஹோஸை ஏற்ற வேண்டும். வெட்டிய முனை வழவழவென்று நேராக நின்றால் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் ஒருநாள் நழுவும். முனையில் சிறு புடைப்பு எழுப்பி, கிளிப்பை அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வைப்பதே பிடிப்பைத் தரும். அது இல்லாமல் இரண்டு கிளிப் போடுவது மன ஆறுதலுக்கு மட்டுமே உதவும். துளையிட்ட பட்டை கொண்ட சாதாரணக் கிளிப் ரப்பரை வெட்டும். உட்பக்கம் வழுவழுப்பான, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வகைக் கிளிப்பே ஏற்றது. ஹோஸ் தகட்டு விளிம்பில் உரசும் இடத்தில் உறை போட வேண்டும். டர்போவுக்கும் புகைக் குழாய்க்கும் அருகே அது போகவே கூடாது. அங்கே தெறிக்கும் கியர்பாக்ஸ் எண்ணெய் தீப்பிடிக்கும்.

எல்லாம் பொருந்திய பிறகு எண்ணெய் அளவில் கோட்டை விடுவது இன்னொரு வழக்கமான தவறு. கூலரும் ஹோஸும் நிரம்பவே கூடுதல் எண்ணெய் வேண்டும். கீழே எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு ஊற்றினால் போதாது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம்: டொயோட்டாவின் டபிள்யூஎஸ், மிட்சுபிஷியின் எஸ்பி-3, நிசானின் மேட்டிக்-எஸ், ஃபோர்டின் மெர்கான் எல்வி ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல; வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பதையே ஊற்ற வேண்டும். புதிய பிக்அப் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் எண்ணெயை அளக்கும் அளவுக்கோல் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் உயர்த்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில், பல மாடல்களில் 40 டிகிரியை ஒட்டி, இருக்கும்போது கியர்பாக்ஸில் அளவு பார்க்கும் அடித்துளையின் மூடியைத் திறந்து, எண்ணெய் மெல்லச் சொட்டும் நிலையில் மூட வேண்டும். குளிர் நாட்டில் இதற்குப் போதிய நேரம் கிடைக்கும். இங்கே நண்பகலில் பட்டறையில் நிற்கும் வண்டியின் எண்ணெய் தொடங்கும்போதே 34 டிகிரியில் இருக்கும். ஃபோர்மன் கருவி எடுத்து வருவதற்குள் அந்த வரம்பு கடந்துவிடும். சூடேறி விரிந்த எண்ணெயை அளந்தால் துளை வழியாக மிகுதியாக வெளியேறி, உள்ளே குறைவாகவே நிற்கும். அந்தக் குறை நகரச் சாலையில் வெளியே தெரியாது. செங்குத்தான ஏற்றத்தில் பம்ப் காற்றை உறிஞ்சும்போதுதான் கியர் வழுக்கித் தெரியும். இந்த வேலையைக் காலை முதல் வண்டியாக, இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில், ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே செய்யும்படி ஃபோர்மனிடம் கேட்டுக்கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் குழாயை வெட்டுவதற்கு முன் விற்பனை மையத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. பொருத்திய பின் முதல் நாள் இரவு, கசிவு இருந்தால் தெரிய, வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வைக்க வேண்டும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்புகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, முன்பு அளந்த அதே ஏற்றத்தில், அதே அளவு சுமையோடு, மீண்டும் வெப்பநிலையை அளக்க வேண்டும். எண்கள் இறங்கவே இல்லை என்றால், பெரிய கூலர் தேடிக் கடைக்குப் போகுமுன் குழாய் வரிசையையும் கிரில்லுக்குப் பின்னால் காற்றை மறைக்கும் எண் பலகையையும் விளக்குச் சட்டத்தையும் சரிபார்ப்பதே முறை.